மாணவர் தொண்டும் அளவெட்டிக் கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், மல்லாகத்துக்கும் பண்டத்தரிப்புக்கும் இடையே கிடக்கும் செம்மண் ஊர் அளவெட்டி. கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலையும் அருணோதயக் கல்லூரியையும் நாதஸ்வர மேதை என். கே. பத்மநாதனையும் கவிஞர் மஹாகவியையும் வைத்து வெளியூரவர் அதை அறிவார்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது தோட்டக்காரரின் ஊர். வெங்காயம், மிளகாய், புகையிலை, கிழங்கு என்று தறைக்குத் தறை பயிர் மாறும். எல்லாவற்றுக்கும் தண்ணீர் கிணற்றிலிருந்துதான். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் ஒரு கிராமத்தின் செல்வமும் சண்டையும் கிணற்றடியில்தான் தொடங்கின. மாணவர் கழகங்களைப் பற்றிய கட்டுரையில் கிணறு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்தால் அங்கேயே வந்து சேர்வோம்.

இன்று யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் ஆண்டறிக்கையை எடுத்தால், கல்விப் பெறுபேறுகளுக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும் அடுத்து வருவது மாணவர் மன்றங்களின் பட்டியல். சாரணர், சென் ஜோன் முதலுதவிப் படை, செஞ்சிலுவை வட்டம், சுற்றாடல் முன்னோடிகள், சுகாதாரக் கழகம், சைவ மாணவர் மன்றம், இன்ரறக்ட், லியோ. இவற்றில் பல வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. சாரணியம் 1912இல் மாத்தளையில் இலங்கைக்கு வந்தது. லியோ கழகம் 1957இல் பென்சில்வேனியாவின் அபிங்டன் உயர்பாடசாலையில் பிறந்தது. றோட்டறியின் இன்ரறக்ட் 1962இல் புளோரிடாவில் பிறந்தது. சுற்றாடல் முன்னோடிகள் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் திட்டம். வந்த வழி எதுவானாலும், கழகத்தின் ஆண்டு ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நடக்கிறது. நிர்வாகத் தெரிவு, சின்னம் சூட்டும் வைபவம், முதியோர் இல்லத்தில் ஒரு மதிய உணவு, கடற்கரையில் ஒரு துப்புரவு, வறிய மாணவர்களுக்குக் கற்றல் உபகரணம். ஒவ்வொன்றின் முடிவிலும் பதாகையைப் பிடித்தபடி ஒரு படம். பிறகு மேலிடத்துக்கு ஒரு திட்ட அறிக்கை.

இந்த வேலைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மதிய உணவைப் பெற்ற முதியவருக்கு அன்று சோறு கிடைத்தது. கொப்பி பெற்ற பிள்ளைக்கு அந்தத் தவணை ஓடியது. ஆனால் பாடசாலை ஒரு கல்வி நிறுவனம். அங்கே நடக்கும் எதையும் பார்த்து, ‘பிள்ளை இதில் என்ன கற்றது?’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. உணவுப் பொதியைக் கையில் கொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறும் பதினாறு வயதுப் பிள்ளை, அந்த முதியவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று யாரிடமும் கேட்காமலே வீடு திரும்புகிறது. கொடுப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் மறுபக்கமுமாக நின்று பிரிந்துபோகும் தொண்டில் உதவி இருக்கிறது, கல்வி இல்லை. இரு பக்கத்தாரும் ஒரே பாயில் இருந்து ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கும்போதுதான் தொண்டு பாடமாகிறது. நம் மண்ணின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு.

மிக முந்திய முயற்சி வட்டுக்கோட்டையில் நடந்தது. யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இல் தொடங்கிய வை.எம்.சி.ஏ., ஆசியாவில் மாணவர் மத்தியில் எழுந்த அவ்வகைச் சங்கங்களில் மிகப் பழையது. அதன் மாணவர்கள் தாங்களே தோட்டம் செய்து, அதில் கிடைத்த பணத்தில் எழுவைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாங்கினார்கள். நோக்கம் மதம் பரப்புவது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் மண்வெட்டி பிடித்து உழைத்த காசில், கடலுக்கு அப்பால் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு தீவின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பது என்ற எண்ணம் அன்றைய யாழ்ப்பாணத்தில் புதியது. படித்தவன் மண்வெட்டி தொடுவது குறைவு என்று நினைத்த சமூகம் அது.

அடுத்தது இன்னும் பெரியது. 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் ஒரு அமைப்பு எழுந்தது. பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ‘ஒறேற்றர்’ சுப்பிரமணியம் அதன் முன்னணியாளர்களில் ஒருவர். ஸ்கந்தவரோதயா அளவெட்டிக்கு அயலில்தான் இருக்கிறது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் இவர்களே. அரசியல் வரலாறு இவர்களை 1931 அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிப்புக்காகவே நினைவுகூர்கிறது. என் பார்வையில் அதைவிட ஆழமானது தீண்டாமையில் அவர்கள் கை வைத்தது.

அக்காலப் பாடசாலையை ஒரு கணம் கண்முன் கொண்டுவாருங்கள். ஒரே கொட்டில், ஒரே வாத்தியார், ஒரே பாடம். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு வாங்கு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு நிலம், சில இடங்களில் கொட்டிலுக்கு வெளியே. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லோரும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற கொள்கை 1920களின் இறுதியில் செயலுக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகளுக்குத் தீ வைக்கும் அளவுக்கு அது போனது. வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. சம போசனத்தைத் தங்கள் கூட்டங்களில் நடத்தியும் காட்டினார்கள். இவர்கள் யாருக்கும் பொதி கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். அதுவே அந்தக் காலத்தின் மிகப் பெரிய சமூக சேவை என்று நான் நினைக்கிறேன். அந்த இளைஞர்களில் பலர் பிறகு ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் ஆனார்கள். அவர்கள் கையில் படித்தவர்கள் வழியாக அந்தச் சமத்துவ எண்ணம் வடபகுதிப் பள்ளிகளுக்குள் இறங்கியது.

முழுதாக இறங்கவில்லை என்பதும் உண்மை. 1957இல் தீண்டாமைக்கு எதிரான சட்டம் வந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின், அளவெட்டியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் உள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அளவெட்டியில் பிறந்த மஹாகவி, ‘தேரும் திங்களும்’ கவிதையை எழுதியது அந்தக் காலத்தில்தான்: நிலவில் மனிதன் கால் வைத்த நாட்களில், தேர் வடம் பிடிக்க வந்த ஒருவன் சாதியின் பெயரால் தாக்கப்படுவது அதன் பொருள். யார் எதைத் தொடலாம், யார் எங்கே இருக்கலாம் என்ற கேள்வி தீராத ஊரில், பாடசாலையின் தொண்டு அந்தக் கேள்வியைத் தவிர்த்துக்கொண்டு போக முடியாது.

நம் பிள்ளைகள் இன்று நாளாந்தம் சொல்லும் ஒரு சொல் சிரமதானம். ‘ஸ்கூலில் சிரமதானம், மண்வெட்டி கொண்டுவரச் சொன்னவை’ என்று வீட்டில் வந்து சொல்வார்கள். அது நாடறிந்த சொல்லாக ஆனதற்குப் பின்னால் நிற்பதும் ஒரு பாடசாலையின் மாணவர் தொண்டுதான் என்பது பலருக்கு மறந்துபோனது. கொழும்பு நாலந்தாவில் ஏ. ரி. ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியர் இருந்தார். 1958 டிசம்பரில் அவர் ஏறத்தாழ நாற்பது மாணவர்களையும் ஒரு டசின் ஆசிரியர்களையும் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வாழ்ந்தவர்கள் ரொடியர். சிங்களச் சமூகத்தில் பிச்சை எடுத்து வாழும்படி ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். மற்றச் சாதியார் அவர்களுடைய வீட்டு முற்றத்தில் கால் வைக்காத காலம். கொழும்பின் வசதியான பௌத்த வீட்டுப் பிள்ளைகள் அவர்களுடைய இடத்தில் தங்கினார்கள், அவர்களோடு சாப்பிட்டார்கள், அவர்களோடு சேர்ந்து கிணறு வெட்டினார்கள், மலசலகூடம் கட்டினார்கள், பயிர் வைத்தார்கள். போவதற்கு முன் ஊரைப் பற்றிக் கேட்டறிந்து, என்ன தேவை என்று விசாரித்துத்தான் போனார்கள்.

கனத்தொலுவவில் எத்தனை அடி கிணறு வெட்டப்பட்டது என்பது பெரிய விஷயம் அல்ல. அரசாங்கம் ஒரு கூலிக் குழுவை அனுப்பியிருந்தால் அதைவிட விரைவாக வெட்டியிருக்கும். அங்கே நடந்தது, ரொடிய வீட்டுத் தாயின் கையால் சோறு வாங்கி உண்ட ஒரு பதினேழு வயதுப் பையன், வீட்டுக்குப் போய்த் தன் தாயிடம் அதைச் சொன்னது. சர்வோதயம் என்ற மாபெரும் இயக்கம் அந்த ஒரு முகாமிலிருந்து வளர்ந்தது. அதன் முகாம்களில் குடும்பக் கூட்டம் என்று ஒன்று கட்டாயம் நடக்கும்: ஊராரும் வந்தவர்களும் வட்டமாக நிலத்தில் இருந்து அன்றைய வேலையைப் பற்றிப் பேசுவார்கள். சிறுவர் முதல் கிழவர் வரை எவரும் பேசலாம். நம் பாடசாலைகளுக்குச் சிரமதானம் என்ற சொல் வந்துசேர்ந்தது. அந்தக் கூட்டம் வந்துசேரவில்லை. இன்று அது வளவில் புல்லுச் செருக்குவதற்கும் குப்பை பொறுக்குவதற்கும் பெயராக நிற்கிறது.

ஊரையும் பள்ளியையும் பாடத்திட்டம் வழியாகவே இணைக்கும் முயற்சிகளும் நடந்தன. கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் 1930களில் நடந்த கிராமியக் கல்வித் திட்டத்தை சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர ஆதரித்தார். 1972 சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன: ஒரு ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதை அந்த ஊர்ப் பள்ளி பாடமாகக் கற்கலாம் என்பது அதன் கருத்து. தோட்டச் செய்கையில் வடபகுதி செழித்திருந்த நேரம் அது. ஆனால் அதே ஆண்டுகளில்தான், தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுத்தாக வேண்டும் என்றாக்கிய தரப்படுத்தல் பல்கலைக்கழக அனுமதியில் வந்தது. தமிழ்ப் பெற்றோருக்கு இரசாயனவியல் வினாத்தாளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. 1977இல் ஆட்சி மாறியதோடு அந்தப் பாடங்களும் போயின. அன்று தொடங்கிய பரீட்சை அச்சம் ரியூசன் கொட்டில்களாக வளர்ந்து பிள்ளையின் பின்னேரத்தையும் சனி ஞாயிறையும் எடுத்துக்கொண்டது. கழகங்கள் ஒருநாள் நிகழ்வுகளாகச் சுருங்கியதற்குப் பொறுப்பாசிரியரின் ஆர்வக்குறைவைவிட இதுவே பெரிய காரணம்.

அளவெட்டியார் இன்று அளவெட்டியில் மட்டும் இல்லை. ரொறன்ரோவில் வளரும் அவர்களின் பேரப்பிள்ளைகள் உயர்பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலம் சமூகப் பணி செய்தாக வேண்டும்; ஒன்ராறியோ மாகாணம் 1999இல் கொண்டுவந்த விதி அது. 2003இல் அங்கே பழைய திட்டத்தில் படித்தவர்களும் புதிய திட்டத்தில் படித்தவர்களும் ஒரே ஆண்டில் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். கட்டாயப் பணி செய்தவரையும் செய்யாதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அரிய வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிடைத்தது. 2007இல் வெளிவந்த முடிவு சிந்திக்க வைப்பது: பிற்காலக் குடிமை ஈடுபாட்டில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரே இடத்தில் தொடர்ந்து பணி செய்ததும் அந்த அனுபவம் நல்லதாக இருந்ததுமே பயன் தந்தன. சிங்கப்பூரும் 1997இல் ஆண்டுக்கு ஆறு மணித்தியாலம் என்று தொடங்கி, 2012இல் மணித்தியாலக் கணக்கைக் கைவிட்டு வேறு திட்டத்துக்கு மாறியது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2011இல் செலியோ, டேர்லக், டிம்னிக்கி ஆகிய மூவரும் 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 12,000 மாணவரின் தரவுகளைப் பார்த்தார்கள். பாடத்தோடு இணைந்த சமூகப் பணியில் ஈடுபட்ட மாணவர்கள் தன்மதிப்பிலும் பள்ளி மீதான பற்றிலும் குடிமை உணர்விலும் பழகும் திறனிலும் முன்னேறியிருந்தார்கள். மிகப் பெரிய முன்னேற்றம் படிப்பிலேயே தெரிந்தது. ரியூசன் நேரம் குறைந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது. பணி பாடத்தோடு பொருந்துவது, என்ன செய்வதென்று மாணவரே தீர்மானிப்பது, ஊரார் பங்காளராக இருப்பது, செய்ததைப் பற்றி இருந்து பேசுவது ஆகிய நான்கும் சேர்ந்த திட்டங்களில் பலன் கூடியிருந்தது. கனத்தொலுவவில் இவற்றுள் பெரும்பாலானவை புள்ளிவிபரம் எதுவும் இல்லாமலே இருந்தன.

சரி, அளவெட்டியில் அந்தப் ‘பாய்’ எங்கே விரிக்கப்பட வேண்டும்? தூரத்து முதியோர் இல்லத்தைத் தேடிப் போக வேண்டாம். 1990இல் மயிலிட்டி, பலாலிப் பக்கத்துச் சனம் உயர்பாதுகாப்பு வலயத்தால் இடம்பெயர்ந்து வலிகாமத்து ஊர்களில் தஞ்சம் புகுந்தது. மல்லாகத்தில் அளவெட்டிக்கு அயலில் உள்ள கோணப்புலம் நலன்புரி நிலையத்தில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடுபட்டது. இந்த இருபத்தேழு ஆண்டுகளில் அந்த முகாம்களுக்குப் போன கொப்பிப் பொதிகளுக்கும் பாடசாலைப் பைகளுக்கும் கணக்கில்லை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் கடற்றொழிலாளர் பிள்ளையும் தோட்டக்காரர் பிள்ளையும் ஒரு மாதம் சேர்ந்திருந்து, ‘உங்கட ஊர் எப்படி இருந்தது, எங்கட ஊரில் உங்களை யார் எப்படி நடத்தினவை?’ என்று எழுதி வைக்கும் வேலையை ஒரு கழகம் செய்திருந்தால், வலிகாமத்தின் சமூக வரலாற்றில் ஒரு அரிய ஆவணம் இன்று நம் கையில் இருந்திருக்கும். மயிலிட்டியின் பழைய வாழ்வை நேரில் அறிந்த முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அந்த வேலைக்கு இன்னும் கொஞ்ச நேரம் மிச்சம் உண்டு.

இனிக் கிணற்றுக்கு வருவோம். அளவெட்டியின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மாரியில் பெய்யும் மழை அதன் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் குடிக்கிறோம், இறைக்கிறோம். தறைக்கு இடும் யூரியாவும் மலக்குழியின் கசிவும் அதே வெடிப்புகள் வழியாக அதே நீரில் சேர்கின்றன. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடுதலாக இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. பக்கத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர்நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில் நொதேண் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்போடு முடிந்தது. தண்ணீர் எவ்வளவு பெரிய சமூகப் பிரச்சினை என்று வலிகாமத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே ஒரு உயர்தர மாணவர் மன்றத்துக்கு முழு ஆண்டு வேலை காத்திருக்கிறது. மாரி முடிந்த தை மாதத்தில் ஒரு முறை, கோடை முற்றிய ஆவணியில் ஒரு முறை, ஊரின் கிணறுகளில் நீர்மட்டத்தை அளக்கலாம். கயிறும் அதன் நுனியில் ஒரு பாரமும் போதும். நீரின் உப்புத்தன்மையைக் காட்டும் குளோரைட்டை வெள்ளிநைத்திரேற்றால் நியமிப்பது உயர்தர இரசாயனவியல் மாணவருக்கு எட்டாத வேலை அல்ல. புவியியல் மாணவர் படம் கீறலாம். கணித மாணவர் எண்களை ஒழுங்கு செய்யலாம். கலைப்பிரிவுப் பிள்ளைகள் அந்தந்தக் கிணற்றின் கதையைக் கேட்டு எழுதலாம்: யார் வெட்டியது, துலா எப்போது போய் நீர்ப்பம்பி எப்போது வந்தது, யார் அள்ளலாம், யாருக்கு மற்றவர் அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது சில வளவுகளில் முகம் கறுக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கையிலுள்ள போத்தல்களே ஒன்றைச் சொல்லிவிடும். கிணற்றுக்கட்டில் நம் முன்னோர் பிரித்துவைத்த சாதிகளைச் சுண்ணாம்புக்கல் பிரித்துவைக்கவில்லை. மேற்கு வளவில் இட்ட பசளை கிழக்கு வளவுக் குழந்தையின் குவளையில் ஏறுகிறது. தீண்டாமையைப் பற்றி எத்தனை மேடைப் பேச்சுக் கேட்டாலும் கிடைக்காத பாடம் இது.

பொது சுகாதாரப் பரிசோதகரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமும் துணைக்கு வந்தால் நைத்திரேற்றையும் அளக்கலாம், எண்களில் பிழையும் குறையும். ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையங்கள் இதற்கு இயல்பான களம். பத்திரிகை வாசிக்கவும் விளையாட்டுப் பேசவும் கூடும் அந்தக் கட்டடங்களின் சுவரில் ஒவ்வொரு ஆண்டும் ஊரின் நீர்ப்படம் ஒன்று தொங்கலாம். மாணவர் மாறுவார்கள், பொறுப்பாசிரியருக்கு இடமாற்றம் வரும், படம் அங்கே இருக்கும். பத்து ஆண்டுகளில் அது ஒரு ஊரின் நீர் வரலாறாகிவிடும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் நுழைவாயிலுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், பரிசோதனைப் பொருள் வாங்க.

இந்த வேலையில் ஒரு கடினமான நாள் வரும். மிகக் கூடிய நைத்திரேற்று, கழகத் தலைவியின் தகப்பனாருடைய தோட்டக் கிணற்றிலேயே இருக்கலாம். மனுசன் வங்கியில் நகை அடகு வைத்து வெங்காயம் நட்டிருப்பார். பசளையைக் குறை என்றால் விளைச்சலுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார். அந்த எண்ணை ஊர்க்கூட்டத்தில் பெயரோடு சொல்வதா, படத்தில் புள்ளியாக மட்டும் வைப்பதா, முதலில் அவரிடம் தனியே போய்ப் பேசுவதா? விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிக்கொண்டு போவதா? பிள்ளைகள் தங்களுக்குள் முரண்படுவார்கள். தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் அன்றிரவு ஒரு பேச்சு நடக்கும். இதையெல்லாம் இருந்து பேசித் தீர்க்க நேரம் வேண்டும். கிழமைக்கு இரண்டு பாடவேளையை, உயர்தரப் பரீட்சை நெருங்கும் தவணையிலும், இதற்கென்று விட்டுக்கொடுக்க ஒரு அதிபர் துணிய வேண்டும். அப்படி ஒருவர் துணிந்தால் வருகிற தை மாதமே கயிற்றைக் கிணற்றில் இறக்கலாம்.